கண்மாய்த் தொடரில் வெள்ளத்தைக் கணினி மாதிரியால் முன்கணிக்கும் முறை

காவிரி டெல்டாவில் வெள்ளத்தைக் கணிப்பவருக்கு மேட்டூரில் திறந்துவிடும் நீரின் அளவு முன்னதாகவே தெரிந்துவிடும்; அந்நீர் முக்கொம்பைக் கடந்து கல்லணைக்கு வந்து சேரும்வரை கணக்குப் போட அவகாசமும் இருக்கும். செட்டிநாட்டில் அந்த வசதி இல்லை. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு ஆகியவை மழை பெய்தால் மட்டுமே ஓடுகின்றன. மழைநீரில் பெரும்பகுதி ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள கண்மாய்களில் தங்கி, நிரம்பிய பிறகே உபரிநீர் வழியக் கரையில் கட்டிய கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு இறங்குகிறது. ஆகவே, மழை தொடங்கும்போது எந்தக் கண்மாயில் எவ்வளவு இடம் காலியாக இருந்தது என்பதை அறியாமல் இங்கே எந்த மாதிரியும் சரியாக வராது.

முதல் வேலை, நீர்பிடிப்பு எல்லையை, அதாவது எந்தப் பரப்பில் பெய்யும் மழை கண்மாய்க்கு வந்து சேரும் என்பதை, வரைவது. கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை ஏற்றி, அதற்கான கருவியை ஓட்டினால் எல்லை கிடைத்துவிடும். ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. அத்தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம் கொண்டது. உயரத்தில் சில மீட்டர் பிழையும் உண்டு. கண்மாய்க்கு நீரைக் கொண்டுவரும், மாட்டுவண்டி அகலமே உள்ள வரத்துக்கால் அதில் தெரியவே தெரியாது, கண்மாய்க்கரையும் மங்கிப்போகும். எனவே கண்மாய் நீரை வயல்களுக்குப் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்பாய்ச்சியை உடன் அழைத்துக்கொண்டு வரத்துக்கால்களை நடந்து பார்த்து, அவற்றை வரைபடத்தில் கையால் சேர்க்க வேண்டும். கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே கரைக்கு உட்புறம் நீர் தேங்கும் பரப்பான உள்வாயையும் கலுங்கின் தலைமட்டத்தையும் லெவல் கருவியால் அளந்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்னும் அட்டவணையைத் தயாரித்துவிடலாம்.

அடுத்து, பெய்த மழையில் எவ்வளவு ஓடிவரும் என்னும் கணக்கு. இதற்கு, மழை நீரோட்டமாவதைக் கணக்கிடும் எச்இசி-எச்எம்எஸ் மென்பொருளில் உள்ள வளைவெண் முறை போதும்; வளைவெண் கூடக்கூட, மழையில் ஓடிவரும் பங்கும் கூடும். செம்மண் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதை அந்த எண்ணில் கவனமாகக் காட்டுவதுதான் முக்கியம். காய்ந்த நிலத்துக்கு வளைவெண் 60 என்று வைத்தால், 100 மி.மீ. மழையில் சுமார் 19 மி.மீ. மட்டுமே ஓடிவரும். அதே நிலம் நன்கு நனைந்து எண் 80 ஆகிவிட்டால் சுமார் 50 மி.மீ. ஓடிவரும், அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50,000 கன மீட்டர். ஐப்பசியில் கண்மாய்க்குப் பாதி நீரே தந்த அதே அளவு மழை, கார்த்திகையில் கரையை அச்சுறுத்துவது இதனால்தான். அதற்குள் மண்ணும் நனைந்திருக்கும், கண்மாயும் நிறைந்திருக்கும்.

மாதிரியில் ஒவ்வொரு கண்மாயையும் ஒரு நீர்த்தேக்கமாக அமைத்து, கலுங்கை அதன் வெளிப்போக்காகக் கொடுக்க வேண்டும். 10 மீட்டர் நீளமுள்ள அகன்ற தலையுடைய கலுங்கின்மேல் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ந்தால் நொடிக்கு ஏறத்தாழ 2.8 கன மீட்டர் வெளியேறும், 60 செ.மீ. என்றால் 8 கன மீட்டரை நெருங்கும். கலுங்குக்குக் கீழே சீமைக்கருவேல் அடைத்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் பார்த்து வெளிப்போக்கைத் திருத்துங்கள். மேல் கண்மாய்க் கரை உடைவதாக ஒருமுறை தனியாக ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். ஊர்களுக்குப் பெரும் ஆபத்து அதிலிருந்துதான் வருகிறது.

மழைக்காலத்தில் தினமும் காலையில் ஒவ்வொரு கண்மாயின் நீர்மட்டத்தையும் உள்ளிட்டு, வானிலை ஆய்வு மையம் சொல்லும் மழைக்கு ஒருமுறையும், அதைவிடக் குறைந்த மழைக்கும் கூடிய மழைக்கும் தலா ஒருமுறையும் மாதிரியை ஓட்ட வேண்டும். மையத்தின் ஒருநாள் மழை காலை 8.30 மணி முதல் மறுநாள் 8.30 வரையிலானது என்பதால், மாதிரியின் கடிகாரமும் அதனோடு பொருந்த வேண்டும். ஊருக்கு அறிவிக்கும்போது கன மீட்டரைச் சொல்லிப் பயனில்லை. எந்தக் கலுங்கு எத்தனை மணிக்குப் பாயும், எந்தத் தரைப்பாலம் மூழ்கும் என்று சொல்லுங்கள். பிறகு கலுங்கு உண்மையில் பாய்ந்த நேரத்தைக் குறித்துவைத்து, அடுத்த மழைக்கு முன் வளைவெண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.