பிறர் பங்கைக் காணிக்கை வைக்காதீர்கள்: அர்ப்பணித்த வாழ்வைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஞானஸ்நானம் பெற்ற இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்து, வாரத்தின் ஏழு மாலைகளையும் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டதாக மகிழ்ச்சியோடு கூறினார். வீட்டில் மனைவி கைக்குழந்தையோடு தனியே இருக்கிறார் என்பது பேச்சின் கடைசியில்தான் தெரியவந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை, அதே முகமலர்ச்சியோடு என் எதிரே உட்கார்ந்திருந்தது. ஜெபத்தில் சோர்வு, வேதவாசிப்பில் தவறுதல் முதலியவற்றை எல்லாரும் எச்சரிப்பார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

செலவைப் பாராமல் தொடங்குவது

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே கூறியிருக்கிறார் (லூக்கா 14:28). அப்படிக் கணக்குப் பார்ப்பதை விசுவாசக் குறைவு என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

பிறருடைய பங்கைத் தியாகம் என்று சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் என்மீதே எரிச்சல் வருகிறது. என் தந்தைக்கு நடுக்குவாதம் முற்றியிருந்த ஆண்டில், நான் வாரத்தில் ஐந்து மாலைகள் ஜெபக்கூட்டங்களை நடத்திக்கொண்டிருந்தேன். சபையில் என் வைராக்கியத்தைப் புகழாதவர் இல்லை. ஒருநாள் உபவாச ஜெபம் முடிந்து இரவில் வீடு திரும்பியபோது, தாய் களைத்து உறங்கியிருக்க, தந்தையின் கட்டிலருகே மாத்திரை அட்டை கசங்கிக் கிடந்தது. விரல்கள் நடுங்கியதால் அதைப் பிரிக்க இயலாமல் பல்லால் கடித்துக் கிழித்திருக்கிறார். தகட்டில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. கூட்டம் நன்றாக நடந்ததா என்று மட்டும் கேட்டார்.

நான் தியாகம் செய்ததாக எண்ணிய மாலைகள் உண்மையில் என்னுடையவை அல்ல. அவை பெற்றோருக்குச் சேர வேண்டியவை. அவர்களைக் கேளாமலே எடுத்துக் காணிக்கை வைத்து, அதற்கான புகழை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இதற்குப் பெயரே உண்டு: கொர்பான். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைத் தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கடமையிலிருந்து நழுவிய வழக்கத்தை இயேசு கடுமையாகக் கண்டித்தார். சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைக்க மறவாதவர் அவர் (யோவான் 19:26-27).

“எல்லாவற்றையும் விட்டோமே” என்ற பேதுருவைக் குடும்பத்தைக் கைவிடுவதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள், அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டே ஊழியப் பயணம் செய்ததை 1 கொரிந்தியர் 9:5-இல் வாசிப்பதில்லை. ஆகவே, எதையாவது அர்ப்பணிக்கும்முன், அதன் இழப்பைச் சுமக்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். சுமப்பவர் நீங்களானால் கொடுங்கள். வேறொருவரானால் அவரோடு உட்கார்ந்து பேசி, அவர் மனமுவந்து சம்மதித்த அளவுக்கே கொடுங்கள். வசனத்தைக் காட்டி வாயடைத்துப் பெறுவதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. நான் ஐந்து மாலைகளை இரண்டாகக் குறைத்தேன். வைராக்கியம் தணிந்துவிட்டது என்றார்கள்; அந்தப் பேச்சைத் தாங்கியதுதான் எனக்குச் செலவு வைத்த முதல் தியாகம்.

உபவாசத்தை முகத்தில் காட்டுவது

முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பலனுக்குத் தவணை குறிப்பது

விட்டவற்றுக்கு நூறத்தனையாகப் பெறுவான் என்ற வாக்கை மாற்கு 10:30-இல் முழுவதும் வாசித்தால், “துன்பங்களோடேகூட” என்ற சொல்லும் அங்கே இருக்கும். அதே வசனம் எண்ணிச் சொல்லும் பலன்களில் வீடுகளும் சகோதரரும் தாய்மாரும் உண்டே தவிர, பணம் இல்லை. பொய்க் கணக்கு எழுத மறுத்ததால் ஒருமுறை எனக்கு வேலை போயிற்று. நான்கு மாதங்களில் தேவன் இரட்டிப்பாகத் தருவார் என்று நாள் குறித்து ஜெபித்தேன். குறித்த நாளில் ஒன்றும் வரவில்லை, வாடகைதான் நிலுவையில் நின்றது. அடுத்த வாரம், சபையில் நான் அதிகம் பேசியிராத முதியவள் ஒருத்தி வந்து, தன் வீட்டின் பின்கட்டுச் சாவியை என் மனைவியின் கையில் வைத்தாள். வேறு வேலை கிடைக்கும்வரை, ஏழு மாதம் அங்கேதான் குடியிருந்தோம்.