போல் ப்ரூனர் ரிப்பேர்: அந்த ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்

ஆடி பிறந்ததும் பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கவாத்து தொடங்கிவிடும், என் ரிப்பேர் கடை வாசலில் போல் ப்ரூனர்கள், அதாவது நீளக் குழாயின் ஒரு நுனியில் சின்ன செயின் ரம்பமும் மறுநுனியில் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கிளை வெட்டும் மிஷின்கள், வரிசையாக வந்து சாய்ந்து நிற்கும். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் பழைய மரங்கள் விழுந்த இடத்தில் வைத்த ஒட்டுக்கன்றுகள் இப்போது கிளை பின்னி நிற்கின்றன, துரட்டியும் அரிவாளுமாக ஆள் விட்டு வெட்டினால் கட்டுப்படியாகவில்லை என்று நிறையப் பேர் இந்த மிஷினை வாங்கிவிட்டார்கள். வாங்கியது சரி. ஆனால் பழுது என்று வந்தால் புதிதாக வாங்கியவர்கள் எல்லாருமே அதே சில இடங்களில்தான் தப்பு செய்கிறார்கள். செயினைத் திருப்பி மாட்டுவது, சுவிட்ச் போடாமல் கயிற்றை இழுப்பது இதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

இழுவை குறைந்ததும் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். மிஷின் ஸ்டார்ட் ஆகும், சும்மா வைத்தால் ஓடும், கிளையில் வைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் திணறி நின்றுவிடும். உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து 'எச்' என்று குறித்த ஸ்க்ரூவை உள்ளே திருகுவார்கள். சத்தம் கூர்மையாகும், வேகம் கூடும், சரியாகிவிட்டது என்று தோப்புக்குள் போய்விடுவார்கள். அந்த ஸ்க்ரூவை உள்ளே விட்டால் பெட்ரோல் குறைகிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு வேண்டிய ஆயிலும் அந்தப் பெட்ரோலோடுதான் உள்ளே வருகிறது. ஆக, சூடு ஏறும் நேரத்தில் ஆயிலும் குறைந்துபோய், பிஸ்டன் கீறி, சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது.

நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவர் அப்படித்தான் தூக்கி வந்தார். "அண்ணே, நேத்து வரைக்கும் சூப்பரா ஓடுச்சு, இன்னைக்குக் கயிறே இழுக்க வரல." சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியாகப் பார்த்தால் பிஸ்டனில் மேலிருந்து கீழ்வரை கோடுகள். டேங்குக்குள் கிடந்த பெட்ரோல் பில்டர் சேறு மாதிரி அடைத்திருந்தது. அதை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு சாப்பாட்டுக் காசுக்குள் முடிந்திருக்கும். பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றும் மாற்ற வேண்டியதாயிற்று, கவாத்து நேரத்தில் மிஷினும் கையில் இல்லை.

ஆகவே இழுவை குறைந்தால் முதலில் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள், உடனே நன்றாக ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இல்லையென்றால் கம்பியைக் கொக்கி போல வளைத்து டேங்க் பில்டரை வெளியே இழுத்துப் பாருங்கள். அப்புறம் ஏர் பில்டர். அப்புறம் சைலன்சர் வலை, அதில் கரி அடைத்தாலும் இதே திணறல்தான். பெட்ரோல் எப்போது கலந்தது என்றும் யோசியுங்கள். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது, அது ஈரத்தை இழுக்கும், கடலூர் காற்றில் கேட்கவே வேண்டாம். போன சீசனில் கேனில் மிச்சம் வைத்ததை ஊற்றாதீர்கள். 50:1 என்று மேனுவலில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி டூ டி ஆயில், 25:1 என்றால் 40.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ. முழு ஆக்ஸிலேட்டரில், கிளையில் வைக்காதபோது, சத்தம் லேசாகக் கரகரத்து, வெட்டும்போது தெளிந்தால் அதுதான் சரியான நிலை. கிளையில் வைப்பதற்கு முன்பே கீச்சென்று அலறினால் உடனே நிறுத்துங்கள்.

செயின் சுற்றவில்லை என்றால் கிளட்ச்சா?

எல்லா நேரமும் அப்படி இல்லை. இன்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, செயினையும், அது ஓடும் தகடான பாரையும் எடுத்துவிடுங்கள். செயினை ஓட்டும் சின்ன பல்சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கீழே இன்ஜின் பக்கத்துக் கிளட்ச் டிரம்மும் சேர்ந்து சுற்றினால், அந்த டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் கிளட்ச் ஷூவைப் பாருங்கள். டிரம் அசையவில்லை என்றால் குழாய்க்குள் இருக்கும் ஷாப்ட் சரியாக மாட்டவில்லை, அல்லது அதன் பல் மழுங்கிவிட்டது. பல்சக்கரமே சுற்றவில்லை என்றால் தலைப்பக்கத்து கியரில் கிரீஸ் வற்றியிருக்கும். இதைப் பார்க்காமல் புது கிளட்ச் வாங்கி வந்து நிற்பவர்கள்தான் அதிகம்.

நீட்டும் குழாயின் வெளியே கிரீஸ்

வேண்டாம். மணல் ஒட்டும். உலர்ந்த துணி போதும்.

கரன்ட் கம்பி

குறைந்தது 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அலுமினியக் குழாயின் பிளாஸ்டிக் கைப்பிடியை நம்பாதீர்கள்.

பலாப்பால்

பலாக் கிளை வெட்டிவிட்டு மிஷினை அப்படியே மூலையில் வைத்தால் மறுநாள் பால் இறுகி, மரத்தூளோடு சேர்ந்து பாருக்குச் செயின் ஆயில் வரும் ஓட்டையை அடைத்துவிடும். செயின் ஆயில் டேங்கில் ஆயில் இருக்கும், பார் மட்டும் சூடேறி நீலம் பாயும். வெட்டிய அன்றே பாரைக் கழற்றி டீசல் தொட்ட துணியால் துடைத்து, பள்ளத்தை மெல்லிய தகட்டால் சுரண்டி, ஓட்டையைக் கம்பியால் குத்திவிடுங்கள். மாட்டியதும் பார் நுனியை ஒரு பழைய அட்டைக்கு நேராகப் பிடித்து வேகமாக ஓட்டினால் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும், விழவில்லை என்றால் இன்னும் எங்கோ அடைப்பு இருக்கிறது, மறுபடி கழற்றுங்கள்.