பழைய கைவினைப் படங்களை மெட்டல் பிரிண்ட் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து முறம் பின்னுகிறார். தாத்தா காலத்துப் படம், உள்ளங்கை அளவுதான் இருக்கும். கூடத்துச் சுவரில் பெரிதாக மாட்டலாம் என்று வேலூரில் ஒரு கடையில் மெட்டல் பிரிண்ட், அதாவது அலுமினியத் தகட்டில் படம், போடக் கொடுத்தேன். தகடு வந்ததும் எல்லாரும் அசந்துபோனோம், அவ்வளவு தெளிவு. பக்கத்துத் தெருவில் முறம் பின்னத் தெரிந்த ஆயா ஒருவர் வந்து கிட்டத்தில் நின்று பார்த்தார். "இது யாரு பின்னுனது? இப்படிப் பின்னுனா முறம் நிக்காதே" என்றார்.

அப்புறம்தான் மூலப்படத்தை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதில் மூங்கில் சிம்புகள் ரெண்டு மேலே, ரெண்டு கீழே என்று ஏறி இறங்கி, சாய்வான வரியாக ஓடுகின்றன. தகட்டில் அந்தச் சாய்வே இல்லை. பாய் மாதிரி நேர் கோடுகள். விளிம்பில் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்த கட்டுகளும் காணோம். கடையில் படத்தைத் தெளிவாக்கும் செயலியில் போட்டிருக்கிறார்கள். மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்று செயலிக்குத் தெரியாது. வேறு ஆயிரம் படங்களில் பார்த்ததை வைத்து அது இட்டு நிரப்பிவிடுகிறது. முகம் மாறினால் நாம் உடனே கண்டுபிடித்துவிடுவோம். பின்னல் மாறினால், பின்னத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். கைவினைப் படத்தில் நாம் பார்க்க வேண்டியதே அந்தப் பின்னலைத்தான். அதனால் இதைத்தான் முதல் தவறு என்பேன், பெரிய தவறும் இதுவே.

சரி, சின்னப் படத்தை எப்படிப் பெரிதாக்குவது? நல்ல ஸ்கேன்தான் வழி. 4 அங்குல நீளப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் 4800 பிக்சல் கிடைக்கும். அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று அச்சிட்டால் 24 அங்குலம் வரும், கூடத்துக்கு அது போதும். அதற்கு மேல் போனால் மங்கும்தான், மங்கட்டும். போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், கோப்பு சுருங்கிவிடும். பென் டிரைவில் கொடுங்கள். பழைய புத்தகத்தில் அச்சான படம் என்றால் அது முழுக்கப் புள்ளிகளாக இருக்கும், பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகும். மூலப்படம் அருங்காட்சியகத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

வண்ணம் ஏற்றுவது அடுத்த தவறு. 19ஆம் நூற்றாண்டில் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும், சிவப்பை அநேகமாகப் பிடிக்காது. அதனால் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். செம்மண் பானை அந்தப் படத்தில் கரும்பானையாகத் தெரியும். கரிகிரி மண்பாண்டமோ, குடியாத்தம் தறித் துணியோ, ஆரணிப் பட்டோ, அந்தக் காலத்துப் படத்தை மட்டும் பார்த்து இன்ன நிறம் என்று சொல்ல முடியாது. செயலி சொல்லும் நிறம் வெறும் ஊகம். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து, அந்தக் காலத்துச் சேலை நீலம் என்று நம்பிவிடும். அக்காலத்து அச்சுப்படிகள் பல பழுப்பு நிறம். அந்தப் பழுப்பையும் வெளுக்க வேண்டாம்.

இனி தகடு. உண்மையான மெட்டல் பிரிண்ட் என்பது, தாளில் அச்சிட்ட சாயத்தை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தி, அலுமினியத்தின் மேல் இருக்கும் பூச்சுக்குள் ஏற்றுவது. சில இடங்களில் ஏசிபி ஷீட்டில் (ரெண்டு மெல்லிய அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டு அதையும் மெட்டல் பிரிண்ட் என்பார்கள். எந்த முறை என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். தகட்டிலும் ரெண்டு வகை உண்டு. வெள்ளைப் பூச்சு உள்ளதில் வெள்ளை வெள்ளையாக வரும். வெள்ளைப் பூச்சு இல்லாததில், படத்தில் வெளிச்சமான இடமெல்லாம் உலோகமாக மினுங்கும். பித்தளைக் குத்துவிளக்குப் படத்துக்கு அது அழகாக இருக்கலாம். மண்பானைக்கும் முறத்துக்கும் அது பொருந்தவே பொருந்தாது, மண்ணின் சொரசொரப்பு போய் எவர்சில்வர் மாதிரி ஆகிவிடும். பளபளப்பான கிளாஸி வேண்டாம், மினுங்காத மேட் போதும். ஜன்னலுக்கு எதிரே கிளாஸி மாட்டினால் பகலெல்லாம் ஜன்னல்தான் தெரியும். முழுத் தகடு போடுவதற்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

படத்தின் ஓரங்களை வெட்டும்போது, அதில் வேலை செய்யும் கையை வெட்டிவிடாதீர்கள். பொருளுக்குப் பக்கத்தில் வைத்த அளவுகோல், மூலையில் எழுதிய எண், இதெல்லாம் அழுக்கு இல்லை. எண்ணை வைத்துத்தான் அந்தப் பொருள் இன்று எங்கே இருக்கிறது என்று தேட முடியும். இன்னொன்றும் சொல்லணும். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து பதிவு செய்தவர். அப்படி அளப்பதற்காக நிற்க வைத்து எடுத்த படங்களில் இருப்பவர்களை அலங்காரமாக மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பொருளையும் வேலை செய்யும் கையையும் காட்டும் படங்களைத் தேடுங்கள்.

உரிமை விஷயம் சுருக்கமாக: இந்தியாவில் புகைப்படத்துக்கு, 2012 வரை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருந்தது; 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அது முடிந்திருந்தாலும், கோப்பைத் தரும் அருங்காட்சியகத்தின் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

மாட்டும்போது டபுள் சைடு டேப்பை நம்ப வேண்டாம். நம்ம ஊர் கத்திரி வெயிலில் மேற்குச் சுவர் கொதிக்கும், பசை இளகித் தகடு விழும். திருகு போட்டே மாட்டுங்கள், நேர் வெயில் படாத சுவரில். சாமி உருவம் உள்ள பொருளின் படத்தைச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டாதீர்கள். போர் தண்ணீரில் துடைத்தால் உப்பு படியும், ஈரமில்லாத மெல்லிய துணியே போதும்.

கடைசியாக ஊர்ப்பெயர். படத்தில் 'வட ஆற்காடு' என்று பழைய மாவட்டப் பெயர் எழுதியிருந்தால் உடனே வேலூர் என்று போட்டுவிடாதீர்கள். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை திருப்பதியும் காளஹஸ்தியும் வட ஆற்காட்டில்தான் இருந்தன. அந்தப் பெயரோடு வரும் பழைய கலம்காரித் துணி (பேனா போன்ற குச்சியால் படம் எழுதிய துணி) காளஹஸ்தியில் எழுதியதாக இருக்கலாம். மூலத்தில் இருக்கும் குறிப்பை அப்படியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், தகட்டின் பின்புறம் அழியாத மையில் எழுதி வையுங்கள். எங்கள் முறத்தை வெள்ளைப் பூச்சுத் தகட்டில், மேட்டில், மறுபடி போட்டோம். பழையதைவிட மங்கல்தான். ஆயா வந்து விரலால் சாய்வு வரியைத் தொடர்ந்துகொண்டே போய், விளிம்புக் கட்டில் நிறுத்தினார்.