டவர் வாசலிலேயே இருக்கிறது, இணையம் ஏன் திணறுகிறது?

"டவர் என் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. எனக்கே நெட் சரியாக வரவில்லை என்றால் எப்படித் தம்பி?"

சிற்றூர்களில் கம்பியில்லா இணைய இணைப்புக் கொடுக்கும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. கேட்பவரின் கோபம் நியாயமானது. 3 கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் படம் தடையில்லாமல் ஓடுகிறது. டவரிலிருந்து 50 மீட்டரில் இருக்கும் வீட்டில் வீடியோ அழைப்பு விட்டுவிட்டு வருகிறது. பக்கத்து வீடுதானே என்று யோசிக்காமல் பொருத்திவிட்டு வருவதுதான் இதற்குக் காரணம். தூரத்து வீட்டுக்கு நாம் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் காட்டுவதில்லை.

முதல் தவறு, கோணத்தைக் கணக்கிடாமல் விடுவது. டவரில் 30 மீட்டர் உயரத்தில் செக்டர் ஆன்டெனா (ஊரின் ஒரு பக்கத்துக்கு மட்டும் அலை பரப்பும் ஆன்டெனா) இருக்கிறது, வாடிக்கையாளரின் மொட்டை மாடி 6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உயர வித்தியாசம் 24 மீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் நாம் பயன்படுத்தும் பல செக்டர் ஆன்டெனாக்கள் பக்கவாட்டில் 90, 120 டிகிரி என்று அகலமாக விரிந்தாலும், மேலும் கீழுமாக 4 டிகிரி அளவுதான் விரியும். அதை 2 டிகிரி கீழே சாய்த்துக் கட்டினால், அலையின் கீழ் விளிம்பு அந்த மாடி உயரத்தைத் தொடுவது சுமார் 340 மீட்டர் தூரத்தில்தான். அதற்கு உள்ளே இருக்கும் வீடுகளுக்கெல்லாம் அலை தலைக்கு மேலே போய்விடுகிறது, கலங்கரை விளக்கத்தின் ஒளி அதன் காலடியில் நிற்பவரைத் தாண்டிப் போவது போல. 50 மீட்டர் வீட்டிலிருந்து பார்த்தால் ஆன்டெனா ஏறத்தாழ 25 டிகிரி மேலே இருக்கிறது. அந்த வீட்டுக்கு வருவது ஆன்டெனாவின் ஓரங்களில் சிந்தும் மிச்ச அலை மட்டுமே. இடையிடையே அலை ஏறக்குறைய இல்லாமலே போகும் குழிகளும் உண்டு.

அப்படியானால் சிக்னல் குறைவாகக் காட்ட வேண்டுமே என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தூரம் மிகக் குறைவு என்பதால், சிந்தும் அலையே பலமாகத்தான் இருக்கும். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் சொல்வோம், மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். தோட்டத்து வீட்டில் மைனஸ் 60 டிபிஎம் காட்டினால், பக்கத்து வீட்டில் மைனஸ் 44 காட்டும். பொருத்த வந்தவர் அந்த எண்ணைப் பார்த்து மனநிறைவோடு ஏணியை மடக்கிவிடுவார்.

நான் ஒரு மாடியில் பார்த்தது இது. திரையில் மொத்த சிக்னல் மைனஸ் 44. ஆனால் ரேடியோ, அதாவது வாடிக்கையாளர் மாடியில் அலை வாங்கி அனுப்பும் கருவி, இரண்டு தனித்தனி வழிகளில் அலை வாங்குகிறது, ஒன்று நின்ற நிலை, மற்றொன்று கிடந்த நிலை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்று மைனஸ் 44, மற்றொன்று மைனஸ் 59. தோட்டத்து வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு டெசிபல்கூட வித்தியாசம் இல்லை. ஆன்டெனாவின் நேர்முகத்தில் இரண்டு வழிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அடியில் அப்படி இருக்காது, ஒன்றின் குழி இருக்கும் கோணத்தில் மற்றொன்றின் மேடு இருக்கும். அதோடு எதிர்வீட்டுத் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்ளும். எண் நன்றாக இருக்கும், வேகம் படுத்துவிடும். எனவே மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். இரண்டு வழிகளின் எண்ணையும் பாருங்கள், வேகத் தரம் (ரேடியோ திரையில் காட்டும் இணைப்பு வேகம்) எங்கே நிலைத்து நிற்கிறது என்று பத்து நிமிடமாவது பாருங்கள்.

அந்த மாடியில் இன்னொரு பிழையும் இருந்தது. வாடிக்கையாளரின் டிஷ் ஆன்டெனா தரைக்கு இணையாக, டவரின் இடுப்பை நோக்கிக் கட்டப்பட்டிருந்தது. தூரத்து வீடுகளில் தினமும் அப்படிக் கட்டிக் கட்டிப் பழகிய கை அது. ஆன்டெனா அலையை எவ்வளவு குவிக்கிறது என்பதை டிபிஐ சொல்கிறது, எண் கூடக்கூடப் பார்வை குறுகும். 23 டிபிஐ டிஷ் பார்க்கும் வட்டம் பத்து டிகிரி அளவுதான். 25 டிகிரி மேலே இருக்கும் ஆன்டெனா அதன் கண்ணிலேயே படாது. டிஷ்ஷைக் கழற்றிவிட்டு 13 டிபிஐ தட்டை ஆன்டெனா ஒன்றை நிமிர்த்திக் கட்டியதும் இரண்டு வழிகளுக்கும் இடையிலான இடைவெளி 4 டெசிபலாகச் சுருங்கியது. சாய்வை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. கைப்பேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலி போதும்.

டவர் உயரமாக இல்லாத இடங்களில் கதை தலைகீழ். மாடியில் ஒரு சிறிய கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியிருப்பார்கள். தெருவுக்கு எதிரே அதே உயரத்தில் ஒரு வீடு, 50 மீட்டர். அலை நேராக முகத்தில் அடிக்கிறது. செக்டரிலிருந்து 36 டிபிஎம் புறப்பட்டு, எதிரே 23 டிபிஐ டிஷ் இருந்தால், வந்து சேர்வது மைனஸ் 23 அளவில் இருக்கும். இது அளவுக்கு மிஞ்சிய சிக்னல். ரிசீவரின் முன்பகுதி திணறி, வருவதைச் சரியாகப் பிரித்தறிய முடியாமல் தவறவிடும். காதருகே கத்துபவர் சொல்வது புரியாமல் போவது போலத்தான். மைனஸ் 45 முதல் மைனஸ் 60 வரை இருந்தால் நிம்மதி.

இதைக் குறைக்கச் சிலர் கண்டுபிடித்திருக்கும் வழி, டிஷ்ஷை வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்பி வைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். எண் குறையும், உண்மைதான். ஆனால் டிஷ் இப்போது பார்ப்பது இன்னொருவரின் ஆன்டெனாவையும் பக்கத்துக் கட்டடச் சுவரையும். நல்ல அலையைக் குறைத்து இரைச்சலைக் கூட்டியதாகத்தான் ஆகும். சிறிய ஆன்டெனா போடுங்கள், நேராகவே வையுங்கள். டவர் பக்கத்துச் சக்தியை இவருக்காகக் குறைத்தால் தோட்டத்து வீடு அறுந்துவிடும், ஆகவே அதைத் தொட வேண்டாம்.

குறைக்க வேண்டியது வாடிக்கையாளர் பக்கத்துச் சக்தி. பெட்டியிலிருந்து எடுத்த ரேடியோ முழுச் சக்தியில் பேசும். அப்படியே விட்டால் அது டவரை மைனஸ் 47 அளவில் எட்டும், தோட்டத்து வீடோ மைனஸ் 67-இல் பேசிக்கொண்டிருக்கும். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. அதே டவரில் அடுத்த சேனலில் (அலைவரிசையில்) இருக்கும் செக்டர்களின் காதையும் இது அடைக்கும். ரேடியோவில் தானாகச் சக்தியைச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையேல் மூன்று மூன்று டெசிபலாகக் கையால் குறைத்துப் பாருங்கள், வேகத் தரம் இறங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பு நிறுத்துங்கள்.

ஒரே ஒரு வீடுதானே என்று விட்டுவிட முடியாது என்பதற்கு வலுவான காரணம் நேரம். ஒரு செக்டரில் இருக்கும் எல்லோரும் ஒரே அலைநேரத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 802.11என் என்ற வைஃபை வகை ரேடியோவில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், இரு வழிகளிலும் மிக நல்ல நிலையில் நொடிக்கு 130 மெகாபிட். மிக மோசமான நிலையில் 13 மெகாபிட். பத்து மடங்கு. ஒரே அளவு படத்தை இறக்க, சரியாகப் பொருத்தாத பக்கத்து வீடு பத்து மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அந்த நேரம் முழுவதும் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பொருத்தினால் அதே வீடு அந்த டவரில் யாருக்கும் சுமையில்லாத வீடாகிவிடும்.

டவரின் அடியில் நான்கு செக்டர்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம். மின்சாரம் போய் வந்த பிறகு ரேடியோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் ஏறிக்கொள்ளும், முதுகுப்பக்கச் செக்டராக இருந்தாலும் சரி. "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது" என்று வரும் புகார்களில் பல இப்படித்தான். எந்தச் செக்டரில் சேர வேண்டும் என்று அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை) ரேடியோவில் குறிப்பிட்டுப் பூட்டிவிடுங்கள்.

அருகில் ஏழெட்டு வீடுகள் சேர்ந்துவிட்டால் அவர்களுக்கென்றே தனி ஏற்பாடு செய்வது நல்லது. டவரில் 12 மீட்டர் உயரத்தில் சிறிய, அகல விரியும் ஆன்டெனா ஒன்று, குறைந்த சக்தி, தனிச் சேனல். 50 மீட்டர் வீட்டுக்குக் கோணம் 25-லிருந்து 7 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் கட்டும் முன் தென்னை மரங்களைப் பாருங்கள். நனைந்த ஓலைகள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும்.

"எதற்கு வம்பு, ஒரு கேட்-6 கேபிளை இழுத்துவிடலாமே" என்ற யோசனையும் எழும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும் என்பதால் கணக்கும் ஒத்துவரும். ஆனால் டவருக்கு ஒரு எர்த், வீட்டுக்கு வேறொரு எர்த். பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலும் இரண்டுக்கும் நடுவே உருவாகும் மின்னழுத்தம் அந்தச் செம்பு வழியாகவே ஓடும். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் டவரின் சுவிட்சும் வீட்டு ரவுட்டரும் தொலைக்காட்சியும் சேர்ந்து கருகியதைப் பார்த்திருக்கிறேன். கேபிள்தான் வழி என்றால் ஃபைபர் இழுங்கள், இரண்டு முனையிலும் ஃபைபரின் ஒளியை ஈதர்நெட்டுக்கு மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். வாங்கும்போது இரும்புக் கம்பி சேர்த்துப் பின்னிய வகையைத் தவிர்த்து, உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். இரும்பு உள்ளே இருந்தால் மின்னலுக்குப் பழைய பாதைதான்.