தெர்மோகோல் பெட்டியில் 60 டிகிரி சோதனை

எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு 60 டிகிரி சூட்டில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க மீன் பேக்கிங் தெர்மோகோல் பெட்டியே போதும்; ஆனால் 80 டிகிரியை நெருங்கினால் அது இளகிவிடும், அதனால் 65-ஐத் தாண்ட விடுவதில்லை. சூடாக்க, அலுமினியக் கூடுள்ள 10 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் இரண்டை பேரலலாக 12 வோல்ட்டில் இணைத்தேன்: 2.4 ஆம்பியர், சுமார் 29 வாட். இரண்டையும் ஹீட்சிங்க்கில் (சூட்டைப் பரப்பும் உலோகத் துண்டு) இறுக்கி, சுவரில் படாமல் நிறுத்த வேண்டும். ஹீட்டர் லைனில், 77 டிகிரியில் இணைப்பைத் துண்டித்துவிடும் தெர்மல் ஃப்யூஸ் கட்டாயம். ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் தெர்மோஸ்டாட்டின் ரிலே சுவிட்ச் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

என்னைப் படுத்தியது சென்சார் இருந்த இடம். தெர்மோஸ்டாட் 60 காட்டும்போது போர்டுக்குப் பக்கத்தில் 52தான். சென்சார் ஹீட்டருக்கு நேர்மேலே இருந்ததே காரணம். உள்ளே 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, சென்சாரை போர்டிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, காற்றில் தொங்கவிட்டேன். வித்தியாசம் 1 டிகிரிக்குள் வந்தது.

குளிர் சோதனைக்கு ஐஸ் பேக் வைத்தால், மூடியைத் திறந்ததும் போர்டில் வேர்த்துவிடும். ஐசி (சிப்) கால்களுக்கு நடுவே நீர்த்துளி நிற்கும். போர்டின் பவரை நிறுத்தி, ஐஸை மாத்திரம் சட்டென எடுத்து மூடி, உள்ளே 35 டிகிரி வரும்வரை சூடாக்கிய பிறகே போர்டை வெளியே எடுங்கள்.