மோட்டார் ரீங்காரமிட்டால் டைமரைப் பாருங்கள்

கொழும்புப் புழுக்கத்துக்கு மேசையில் ஒரு குட்டி விசிறி செய்யலாம் என்று, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய டீசி மோட்டாரை மொஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாக, நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையான ஆர்டுயினோ ஊனோவின் 9ஆம் பின்னில் இணைத்தேன். வேகம் கூடுகிறது, குறைகிறது, சரி. ஆனால் நுளம்பு காதுக்குள் புகுந்த மாதிரி ஒரே ரீங்காரம். பழுது ஒன்றும் இல்லை. வேகத்தை மாற்ற நிரலில் போடும் அனலொக்ரைட் கட்டளை அந்தப் பின்னை விநாடிக்குச் சுமார் 490 தடவை ஒன், ஓஃப் பண்ணுகிறது, அது நம் காதுக்கு நன்றாகவே கேட்கிற அதிர்வெண்.

நிரலின் தொடக்கப் பகுதியான செட்டப்பில் ஒரு வரி போதும்: 9ஆம் பின்னின் ஒன், ஓஃப் வேகத்தை நடத்தும் உள் கடிகார எண்ணியான டைமர் 1இன் டிசிசிஆர்1பி (TCCR1B) பதிவேட்டில் கடைசி மூன்று பிட்டுகளை 001 ஆக்குங்கள், அதாவது கடிகாரத்தை 64ஆல் வகுப்பதை நிறுத்துகிறீர்கள், உடனே அதிர்வெண் 31 கிலோஹேர்ட்ஸைத் தாண்டிவிடும், சத்தம் காதுக்கு எட்டாது. 10ஆம் பின்னுக்கும் இதே வரிதான்.

5, 6ஆம் பின்களில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அவற்றை நடத்துவது டைமர் 0, அதை மாற்றினால் நேரம் பார்க்கும் டிலே, மில்லிஸ் கட்டளைகள் எல்லாம் குழம்பிவிடும் (எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது). சர்வோ மோட்டாரை இயக்கும் சர்வோ லைப்ரரியும் டைமர் 1ஐத்தான் பிடித்துக்கொள்ளும், இரண்டும் ஒன்றாகச் சரிவராது. அப்புறம், மோட்டாருக்குக் குறுக்கே போட்ட பாதுகாப்பு டயோடு 1என்4007 என்றால் இந்த ஒன், ஓஃப் வேகத்துக்கு அது மந்தம், வேகமான 1என்5819 போடுங்கள்.