பழுதுநீக்க அனுப்பிய கருவிக்கு முழு வரியா?

மதுரை அண்ணா நகரில் நாங்கள் நடத்தும் ஸ்கேன் மையத்தின் தரவுச் சேமிப்புக் கருவி பழுதாகி, சிங்கப்பூர் சென்று சரியாகித் திரும்பியபோது, எங்கள் சுங்க முகவர் அதைப் புதிய இறக்குமதியாகக் காட்டி, முழு விலைக்கும் 18% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) கணக்கிட்டிருந்தார். இத்தகைய கருவிக்கு அடிப்படைச் சுங்கவரி இல்லை. ஐஜிஎஸ்டி மட்டும் உண்டு. ஆனால், பழுதுநீக்கத்துக்காக ஏற்றுமதியாகி 3 ஆண்டுகளுக்குள் திரும்பும் பொருளுக்கு, பழுதுநீக்கச் செலவு, இருவழிச் சரக்குக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றின் மீது மட்டும் வரி செலுத்தினால் போதும் என்கிறது 45/2017 சுங்க அறிவிக்கை.

போனதும் வந்ததும் ஒரே பொருள்தான் என்று நிறுவுவதே இதில் உயிர்நாடி. அனுப்பும்போதே ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் தரும் ஆவணம்) கருவியின் வரிசை எண்ணைக் குறிக்கச் செய்து, கருவியின் பின்புறம் மின்விசிறிக்குக் கீழே ஒட்டியிருந்த, அதே எண் கொண்ட வெள்ளிநிறச் சீட்டையும் படமெடுத்து வைத்திருந்தேன். அவற்றைப் பழுதுநீக்க இன்வாய்ஸுடன் சேர்த்துக் கொடுத்து, பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிக்காகச் சுங்கத்துறையிடம் தரும் ஆவணம்) திருத்தக் கோரினோம். எண்களை ஒப்பிட்டுப் பார்த்த சுங்க அதிகாரி ஏற்றுக்கொண்டார். வரியும் வெகுவாகக் குறைந்தது.